சொந்த போனில் கம்பெனி மெயில்: எதைப் பூட்டுவது, எதைத் தொடாமல் விடுவது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். 80 மெயில் கணக்குகள், மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்டு. மெர்ச்சண்டைசர் (பையரோடு, அதாவது வெளிநாட்டில் வாங்குபவரோடு, ஆர்டர் பேசி நடத்துபவர்), அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் என்று எல்லாரும் சொந்த போனில்தான் மெயில் பார்க்கிறார்கள். வேலையை விட்டுப்போன ஒருவரின் போனில் பையர் அனுப்பிய மெயில்களும் காஸ்டிங் ஷீட்டும் (விலைக் கணக்குத் தாள்) அப்படியே இருந்தது பிறகுதான் தெரிய வந்திருக்கிறது. இனி யார் போனிலும் கம்பெனி மெயில் கூடாது என்கிறார் முதலாளி. அது சரியா, இல்லையென்றால் எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது கேள்வி.

மொத்தத் தடை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் பையர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அமெரிக்க பையர் ஆபீசுக்கு வரும் நேரத்தில் இங்கே மெர்ச்சண்டைசர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார், ஐரோப்பாவில் அப்போதும் வேலை நேரம்தான். சாம்பிள் அப்ரூவல் ராத்திரி எட்டு மணிக்கு வந்தால் அதை எப்படியாவது பார்த்தாக வேண்டும். போனில் மெயிலை அடைத்தால், மறுநாளே சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு போகும், கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அங்கே போன பிறகு உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

போன் அவருடையது, மெயில் கம்பெனியுடையது. கோட்டை அந்த இடத்தில் போடுங்கள். போனைக் கட்டுப்படுத்தப் பார்க்காமல், போனுக்குள் இருக்கும் மெயிலை மட்டும் கட்டுப்படுத்துங்கள். இன்றைய கருவிகளில் இதைச் செய்ய முடியும். பழைய முறையில் இது முடியாது. பெரும்பாலான சிறு நிறுவனங்கள் இன்னும் அந்தப் பழைய முறையில்தான் இருக்கின்றன, அதனால் அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

போனில் வரும் மெயில் ஆப், அதாவது ஐபோனின் மெயில், சாம்சங் மெயில், ஆண்ட்ராய்டு ஜிமெயில் ஆப் ஆகியவை, எக்ஸ்சேஞ்ச் சர்வரோடு, அதாவது மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரோடு, பேசும் வழிக்கு ஆக்டிவ்சிங்க் என்று பெயர். ஆண்ட்ராய்டில் இந்த வழியாகக் கணக்கைச் சேர்க்கும்போது ஒரு திரை வருவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாத் தகவலையும் அழிப்பது, பாஸ்வேர்டு விதி வைப்பது, ஸ்கிரீனை லாக் செய்வது என்று வரிசையாக அனுமதி கேட்கும். கீழே ஒரே ஒரு பொத்தான். அதைத் தட்டினால்தான் மெயில் வரும் என்பதால் எல்லாரும் படிக்காமல் தட்டிவிடுகிறார்கள். அதன் பொருள் என்னவென்றால், நாளை உங்கள் அட்மின் 'வைப்' (தூரத்திலிருந்தே அழிக்கும் கட்டளை) கொடுத்தால் அந்த ஊழியரின் போனே ஃபேக்டரி ரீசெட் ஆகிவிடும். குழந்தை போட்டோ, வாட்ஸ்அப், சொந்த நோட்ஸ் எல்லாம் போய்விடும். அட்மினுக்கு இவ்வளவு பெரிய அதிகாரம் தேவையே இல்லை.

இந்த முறையின் இன்னொரு பலவீனம், சர்வர் கேட்கும் கேள்விக்குப் போன் சொல்லும் பதிலை அப்படியே நம்ப வேண்டியிருப்பது. இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2008இல் ஐபோன் மென்பொருளின் 2.0 பதிப்பில் எக்ஸ்சேஞ்ச் மெயில் வசதி வந்தது. போனில் இருக்கும் தகவல் பிறர் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறதா என்று சர்வர் கேட்டால், அந்த வசதியே இல்லாத ஐபோன் 3ஜி கூட இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டது. 2009 செப்டம்பரில் 3.1 பதிப்பு உண்மையான பதிலைச் சொல்ல ஆரம்பித்தது. என்கிரிப்ஷன் கட்டாயம் என்று வைத்திருந்த நிறுவனங்களில் 3ஜி வைத்திருந்தவர்களுக்கு அன்றோடு மெயில் நின்றது. அதுவரை அந்த விதி காகிதத்தில்தான் இருந்தது. போன் மாடல், டிவைஸ் ஐடி என்று நீங்கள் லிஸ்டில் பார்ப்பதெல்லாமும் போன் தானே சொல்லிக்கொள்வதுதான்.

சரி, உங்கள் வேலையை எங்கே ஆரம்பிப்பது? எதையும் மாற்றும் முன் இப்போது யார் எதன் வழியாக வருகிறார்கள் என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டரில் ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் கீழே அதோடு இணைந்த மொபைல் லிஸ்ட் இருக்கும். விலகியவர்களின் போன்களும், இரண்டு வருடமாக யாரும் தொடாத போன்களும் அதில் கிடக்கும். லாகின்களைக் கவனிக்கும் மைக்ரோசாஃப்ட் பகுதியான என்ட்ராவின் சைன்-இன் லாக்கில் (யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவு) 'கிளையன்ட் ஆப்' என்ற பத்தியைப் பாருங்கள், ஐமேப் (மெயிலை எந்த ஆப்புக்கும் இறக்கிக்கொள்ளும் பழைய வழி) வழியாக யாராவது வந்தால் தெரியும். உங்கள் லைசென்ஸில் அந்த லாக் 7 நாள்தான் நிற்கும், அதனால் வாரம் ஒருமுறை டவுன்லோடு செய்து வையுங்கள்.

அடுத்து, பின்வாசல்களை அடைக்க வேண்டும். காசு செலவில்லாத வேலை இது, பலன் பெரியது. பாப் (ஐமேப் போலவே மெயிலை இறக்கும் இன்னொரு வழி), ஐமேப் இரண்டையும் எல்லா மெயில்பாக்ஸிலும் நிறுத்துங்கள். 2022 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் வெறும் பாஸ்வேர்டு கொடுத்து நுழையும் பழைய முறையை எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் நிறுத்த ஆரம்பித்தது உண்மைதான். ஆனால் ஐமேப் அதோடு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். புதிய முறையில் லாகின் செய்யத் தெரிந்த எந்த மெயில் ஆப்பும் இன்றும் ஐமேப் வழியாக மொத்த மெயிலையும் இறக்கிக்கொள்ளும். அப்படி இறங்கிய மெயிலை உங்களால் திரும்ப அழிக்க முடியாது. அதேபோல, மெயில்பாக்ஸில் வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு ஆகும் ரூல் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக அப்படிப் போவதை எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் இயல்பாகவே தடுக்கிறது. ஆனால் முன்பு யாராவது அட்மினாக இருந்து அதைத் திறந்துவிட்டிருந்தால் திறந்தேதான் இருக்கும்.

பிறகு, போனில் அவுட்லுக் ஆப் மட்டும்தான் என்று முடிவு செய்யுங்கள். எக்ஸ்சேஞ்சில் மொபைல் அணுகலுக்கு மூன்று நிலைகள் உண்டு: அனுமதி, தடை, குவாரன்டைன் (அட்மின் முடிவு சொல்லும் வரை நிறுத்திவைப்பது). 2010 பதிப்பிலிருந்தே இருக்கும் வசதி, உங்கள் பிசினஸ் ஸ்டாண்டர்டிலும் உண்டு. பொது நிலையைக் குவாரன்டைன் என்று வைத்து, அவுட்லுக் மொபைல் ஆப்புக்கு மட்டும் ஒரு அனுமதி ரூல் போடுங்கள். சாம்சங் மெயிலிலோ ஐபோன் மெயிலிலோ யாராவது சேர்த்தால் மெயில் வராது. உங்கள் போன் அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்று ஒரே ஒரு அறிவிப்பு மெயில்தான் போகும். அந்த அறிவிப்பில் நீங்களே எழுதும் வரிகளைச் சேர்க்கலாம், தமிழிலேயே எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: பொது நிலையை மாற்றியதும், ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் போன்களும் குவாரன்டைனுக்குப் போகும். ஷிப்மெண்ட் கிளம்பும் நாளில் இதைச் செய்யாதீர்கள்.

ஏன் அவுட்லுக் மட்டும் என்று ஊழியர்கள் கட்டாயம் கேட்பார்கள். அவர்களுக்கே அதில் லாபம் இருக்கிறது. அவுட்லுக் ஆப்புக்கு வைப் கொடுத்தால் அந்த ஆப்புக்குள் இருக்கும் கம்பெனி மெயில் மட்டுமே போகும். போட்டோவும் வாட்ஸ்அப்பும் அப்படியே இருக்கும். இதை வாயால் சொல்வதைவிட, ஒரு பழைய போனை வைத்து எல்லார் முன்னாலும் செய்து காட்டுங்கள்.

இவ்வளவு செய்தாலே உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி என்னவென்றால், அவுட்லுக்கில் வந்த காஸ்டிங் ஷீட்டை டவுன்லோடு ஃபோல்டரில் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை இது தடுக்காது. அதற்கு இன்ட்யூன், அதாவது போனையும் ஆப்பையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை, வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்தில் இன்ட்யூனும் என்ட்ரா ஐடி பி1 லைசென்ஸும் (கீழே சொல்லும் கண்டிஷனல் ஆக்சஸுக்குத் தேவையானது) சேர்ந்தே வரும், 300 பேர் வரை வாங்கலாம். 80 பேருக்கும் தேவையா என்று யோசியுங்கள். போனில் மெயில் உண்மையிலேயே யாருக்கெல்லாம் வேண்டும் என்று ஒரு லிஸ்ட் போட்டால் அது சுருங்கிவிடும். ஸ்டோர்ஸிலும் கட்டிங்கிலும் இருக்கிறவர்களுக்கு வேலை முடிந்த பிறகு மெயில் எதற்கு? லைசென்ஸைக் கலந்து வாங்க மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கிறது.

இன்ட்யூன் என்றதும் போனையே கம்பெனியில் பதிவு செய்ய வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், விற்பவர்களும் அப்படித்தான் பேசுவார்கள். தேவையில்லை. போனைப் பதிவு செய்யாமலே ஆப்பை மட்டும் கட்டுப்படுத்தும் 'ஆப் புரொடெக்ஷன் பாலிசி' அதில் இருக்கிறது. சொந்த போனுக்கு நான் பரிந்துரைப்பது அதை மட்டும்தான். வாடகைக்கு விட்ட வீட்டில் ஒரு அறையில் மட்டும் நம் சாமான் இருந்தால் அந்த அறைக்கு மட்டும்தான் பூட்டுப் போடுவோம், அதுபோல.

அந்த பாலிசியில் நான் வைக்கும் அமைப்புகளைச் சொல்கிறேன். அவுட்லுக்கைத் திறக்க 6 இலக்கப் பின் நம்பர் அல்லது கைரேகை. கம்பெனி ஆப்பிலிருந்து மற்ற ஆப்புக்கு காப்பி, பேஸ்ட் கிடையாது. வெளியிலிருந்து உள்ளே பேஸ்ட் செய்வதை மட்டும் அனுமதியுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்த முகவரியைக்கூட மெயிலில் ஒட்ட முடியாமல் மக்கள் நொந்துபோவார்கள். அட்டாச்மெண்ட்டைச் சேமிக்கும் இடம் கம்பெனி ஒன்டிரைவ் மட்டும். தயாரிப்பாளர் வைத்த பூட்டை உடைத்த போன்களுக்கு, அதாவது ரூட் செய்த போனுக்கும் ஜெயில்பிரேக் செய்த ஐபோனுக்கும், அனுமதி இல்லை. நோட்டிஃபிகேஷனில் மெயில் விவரம் தெரியாதபடி வைக்கலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பையர் பெயரையும் விலையையும் லாக் ஸ்கிரீனிலேயே படித்துவிடுவதை இது தடுக்கும். காண்டாக்ட் விஷயத்தில் மட்டும் தளர்த்துங்கள். அவுட்லுக்கில் இருக்கும் நம்பர்கள் போனின் காண்டாக்ட்டுக்குப் போவதைத் தடுத்தால், பையிங் ஹவுஸிலிருந்து (பையருக்காக இங்கே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம்) அழைப்பு வரும்போது பெயர் வராமல் வெறும் நம்பர்தான் தெரியும். அந்த ஒரு எரிச்சலுக்காகவே மொத்த ஏற்பாட்டையும் வெறுப்பார்கள்.

ஆண்ட்ராய்டில் இந்த பாலிசி வேலை செய்ய 'கம்பெனி போர்ட்டல்' என்ற ஆப் போனில் இருக்க வேண்டும். இருந்தால் போதும், அதைத் திறந்து லாகின் செய்யவோ போனைப் பதிவு செய்யவோ வேண்டாம். ஐபோனில் அந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் போதும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'கம்பெனி போர்ட்டல்' என்ற பெயரைப் பார்த்ததும் நம்மை வேவு பார்க்கிறார்கள் என்ற பேச்சு ஆபீஸ் முழுக்கப் பரவும்.

ஆனால் பாலிசி மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. அது அவுட்லுக்குக்குள் இருக்கும் விதி. அவுட்லுக்கையே பயன்படுத்தாமல் வேறு வழியில் வருகிறவரை அது ஒன்றும் செய்யாது. வாசலில் நின்று கேட்பது கண்டிஷனல் ஆக்சஸ், அதாவது யார் எப்படி நுழையலாம் என்று என்ட்ராவில் எழுதும் விதிகள். ஆண்ட்ராய்டு, ஐபோனிலிருந்து மைக்ரோசாஃப்ட் 365க்கு வருகிறவர் ஆப் புரொடெக்ஷன் பாலிசி உள்ள ஆப்பில்தான் வர வேண்டும் என்று அங்கே ஒரு விதி வையுங்கள். பிரௌசரையும் அதில் சேர்த்தால் போனில் குரோம் வழியாக மெயில் திறக்காது, எட்ஜ் வழியாக மட்டும் திறக்கும். முதலில் 'ரிப்போர்ட் ஒன்லி' நிலையில் ஓடவிட்டு, யாரெல்லாம் மாட்டுவார்கள் என்று லாக்கில் பார்த்த பிறகு அமலாக்குங்கள். எந்த விதியிலும் சேராத ஒரு அவசர அட்மின் கணக்கையும் வைத்திருங்கள், விதி தப்பானால் எல்லாரும் வெளியே நிற்க வேண்டி வரும்.

இங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, கண்டிஷனல் ஆக்சஸ் விதிகளை அமல்படுத்த 'செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ்' என்ற பொதுப் பாதுகாப்பை அணைக்க வேண்டும். அதை அணைத்தால் அது எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போய்விடும். அதை நீங்களே இன்னொரு விதியாக எழுதியாக வேண்டும். போன் மெயிலைப் பூட்டப் போய் மொத்த கணக்கையும் திறந்துவிடக் கூடாது, ஏனென்றால் உங்கள் தொழிலில் பெரிய நஷ்டம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். மெயிலுக்குள் நுழைந்த மோசடிக்காரர் இன்வாய்ஸில் பேங்க் கணக்கு நம்பரை மாற்றி பையருக்கு அனுப்பினால் பணம் வேறு எங்கோ போய்விடும்.

இரண்டாவது லைசென்ஸ். கண்டிஷனல் ஆக்சஸ் விதி யாருக்கெல்லாம் பொருந்துகிறதோ அவர்கள் எல்லாரிடமும் பி1 இருக்க வேண்டும். பிரீமியம் இல்லாதவர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கணக்கு கணக்காக ஆன் செய்யுங்கள். ஆக்டிவ்சிங்க், அவுட்லுக் மொபைல் இரண்டையும் அவர்களுக்குப் பவர்ஷெல் (கட்டளை எழுதி அமைப்பை மாற்றும் கருவி) வழியாக நிறுத்திவிடலாம். பிரௌசர் வழி அவர்களுக்குத் திறந்திருக்கும், ஆனால் அதில் மெயில் போனில் இறங்கித் தங்காது என்பதால் ஆபத்து குறைவு.

மூன்றாவது, பலரும் சோதித்துப் பார்க்காத ஒரு ஓட்டை. வருகிற கருவி ஆண்ட்ராய்டா விண்டோஸா என்பதை, பிரௌசர் தன்னைப் பற்றிச் சொல்வதை வைத்துத்தான் என்ட்ரா முடிவு செய்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளியைத் தட்டி 'டெஸ்க்டாப் சைட்' என்று டிக் செய்தால், அது தன்னை லினக்ஸ் கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொள்ளும். ஆண்ட்ராய்டுக்கு நீங்கள் எழுதிய விதி அதன் மேல் விழாது. உங்கள் ஆபீஸில் லினக்ஸ் கம்ப்யூட்டர் கிடையாது என்றால், லினக்ஸையும் அடையாளம் தெரியாத கருவிகளையும் முழுதாகத் தடுக்க இன்னொரு விதி போட்டுவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் என்று ஒன்று இருக்கிறதே, அது வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0இல் வந்தது, ஆபீஸ் ஆப்களைப் பெட்டிச் சின்னத்தோடு தனியாகப் பிரித்து வைக்கும். ஆப்பிளும் 2019இல் ஐஓஎஸ் 13இல் யூசர் என்ரோல்மெண்ட் என்று சொந்த போனுக்கான வழியைக் கொண்டுவந்தது. இரண்டும் நல்ல ஏற்பாடுதான், கம்பெனிக்கென்று தனியாக ஆப்கள் பல இருந்தால் போகலாம். உங்களுக்கு மெயிலும் எக்ஸெலும்தான் என்பதால் ஆப் அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான். ஜிமெயில் அமைப்பில் பாப், ஐமேப்பை நிறுத்துங்கள். அடிப்படை மொபைல் நிர்வாகத்திலேயே போனிலிருந்து கம்பெனி கணக்கை மட்டும் அழிக்கலாம். ஒவ்வொரு போனையும் நீங்கள் அனுமதித்த பிறகுதான் என்று வைக்க மேல்நிலைப் பதிப்பு தேவைப்படும்.

இப்போது உங்கள் அசல் பிரச்சினைக்கு வருகிறேன், வேலையை விட்டுப் போகிறவர். மனிதவளப் பிரிவிலிருந்து தகவல் வந்ததும் கணக்கின் சைன்-இன்னைத் தடுங்கள், எல்லா செஷன்களையும் (ஏற்கெனவே திறந்திருக்கும் லாகின்கள்) ரத்து செய்யுங்கள், இன்ட்யூனில் அவருக்கு ஆப் வைப் கொடுங்கள். கணக்கை அவசரப்பட்டு டெலீட் செய்யாதீர்கள். மெயில்பாக்ஸை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றினால் 50 ஜிபி வரை லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம், அவருடைய பையர் மெயில்களுக்கு அடுத்தவர் பதில் சொல்லலாம். வைப் என்பது அந்த நொடியே நடப்பதில்லை. அவர் அடுத்து அவுட்லுக்கைத் திறந்து, அது நெட்டோடு பேசும்போதுதான் நடக்கும். பாலிசியில் 'முடக்கப்பட்ட கணக்கு' என்ற நிபந்தனைக்கு 'அழி' என்று முன்பே வைத்திருந்தால், வைப் கொடுக்க யாராவது மறந்தாலும் சைன்-இன்னைத் தடுத்ததே போதும். நெட் இல்லாமல் போனை வைத்திருந்தால் என்ன செய்வது? ஆஃப்லைனில் 1440 நிமிடம் (24 மணி நேரம்) கடந்தால் ஆப் திறக்காது, 90 நாள் கடந்தால் கம்பெனித் தகவலை அதுவே அழித்துவிடும். இவை இயல்பாகவே இருக்கும் அளவுகள். 90ஐ 30 ஆக்கலாம், அதற்கும் கீழே போனால் நீண்ட விடுப்பில் போகிறவர்கள் கஷ்டப்படுவார்கள்.

தொலைந்த போனுக்கும் இதே வேலைதான், வரிசைதான் முக்கியம். முதலில் ஆபீஸுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், செஷன் ரத்தும் வைப்பும் உடனே கொடுக்க வேண்டும். அப்புறம் போலீஸ் புகார், அதை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) முடக்கம். அந்த முடக்கம் மொபைல் நெட்வொர்க்கைத்தான் நிறுத்தும், போனுக்குள் இருப்பதை அழிக்காது. வைஃபையில் போன் வேலை செய்யும். அதனால் ஐஎம்இஐ முடக்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஊழியரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஒருவர் கருவியில் இருக்கும் தகவலை அழிப்பதற்கு இழப்பீடு கோர வழி வைத்திருக்கிறது. போனின் உரிமையாளர் அவர்தான். மறுபக்கம், ஊழியர்களின் ஆதார், பிஎஃப், பேங்க் விவரங்கள் மனிதவளப் பிரிவு மெயிலில்தான் கிடக்கின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. இரண்டு பக்கமும் உங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது.

சம்மதக் கடிதம் ஒரு பக்கம் போதும், தமிழில் இருக்கட்டும். இப்படி எழுதலாம்: 'என் போனில் அவுட்லுக் ஆப்பில் உள்ள கம்பெனி மெயிலை, நான் வேலையை விட்டாலோ போன் தொலைந்தாலோ, நிறுவனம் அழிக்கலாம். என் போட்டோ, மெசேஜ், கால் விவரம், இருப்பிடம் எதையும் நிறுவனம் பார்க்காது, அழிக்காது. போன் தொலைந்தால் உடனே தெரிவிப்பேன்.' இரண்டாவது வரியை எழுதிக் கொடுக்க நிறுவனம் தயங்கினால், அமைப்பில் ஏதோ தேவைக்கு மேல் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். கையெழுத்துப் போட விருப்பமில்லை என்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். போன் அவர் காசில் வாங்கியது. ராத்திரி மெயில் பார்ப்பது அவர் வேலைக்கு அவசியம் என்றால் கம்பெனி ஒரு போன் வாங்கிக் கொடுக்கட்டும், அவசியம் இல்லையென்றால் காலையில் வந்து பார்க்கட்டும்.

ஆரம்பிக்கும்போது முதலாளி, அக்கவுண்ட்ஸ், நீங்கள் என்று மூன்று நான்கு பேரோடு ஆரம்பியுங்கள். எனக்கு மட்டும் வேண்டாம் என்று முதலாளி சொன்னால் விடாதீர்கள், விலை முழுக்க இருப்பது அவர் மெயிலில்தான். அந்தச் சிலர் போனில் ஜிமெயில் ஆப்பில் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள், ஒரு காஸ்டிங் ஷீட்டை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பாருங்கள், குரோமில் டெஸ்க்டாப் சைட் போட்டுப் பாருங்கள். மூன்றும் நின்றால் அடுத்து மெர்ச்சண்டைசிங் டீமுக்குப் போகலாம்.